பழைய புடவை, புதிய போர்வை

பழைய பட்டுப் புடவையைப் பற்றிக் கவலையில்லை. இழை இழையாகக் கிழிந்து போனாலும் சரிகைக்கு ஒரு விலை உண்டு. பாலியஸ்டர் புடவையோ கிழியவே கிழியாது. நமக்கு அலுத்துப் போய் யாருக்காவது கொடுத்தால்தான் உண்டு. கேட்பாரற்றுக் கிடப்பது பழைய நூல் புடவைதான். முன்பெல்லாம் 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று கூவிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரக்காரர் தெருவில் வருவார். நாலைந்து புடவைக்கு ஒரு டபரா செட்டாவது தேறும். இப்போது அவர் வருவதே அபூர்வம். வந்தாலும் நூல் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "இது வேணாம்மா" என்று மடித்துக் கொடுத்துவிடுகிறார். பிறகென்ன? கரித்துணிக்கு ஒன்று, தரை துடைக்க ஒன்று, மிச்சம் பீரோவின் அடித்தட்டு.

அந்த அடித்தட்டில் இன்னொரு வகைப் புடவையும் இருக்கும். கட்டிக்கொண்டிருந்தவர் போய்விட, புடவை மட்டும் தங்கிவிட்டிருக்கும். அம்மாவுடையதாக இருக்கலாம், மாமியாருடையதாக இருக்கலாம், அக்காவுடையதாகவும் இருக்கலாம். கட்டிக்கொள்ளவும் மனசு வராது. தூக்கிக் கொடுக்கவும் மனசு வராது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கதவைச் சாத்திவிடுவோம். இந்த இதழில் நான் சொல்ல வந்தது அந்தப் புடவைகளைப் பற்றித்தான். அண்ணனூரில் ஒரு மகளிர் குழுவோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போர்வை தைத்ததில் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளம் தொடங்கி வைத்த வேலை

அண்ணனூர் என்றால் பலருக்கு மின்சார ரயில்கள் இரவில் வந்து நிற்கும் பணிமனைதான் நினைவுக்கு வரும். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஊசி நூலுக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ஆவடியில் 1961இல் தொடங்கிய ராணுவ உடைத் தொழிற்சாலையை 'ஓ.சி.எஃப்.' என்றே எல்லோரும் சொல்வார்கள். 2021இலிருந்து அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டாலும் பேச்சில் பெயர் மாறவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் போனால் ஏற்றுமதிக்கு உடை தைக்கும் கம்பெனிகள். ஆகவே நாலு தெரு எடுத்தால் தையல் தெரிந்த பெண் ஒருத்தியாவது இருப்பாள்.

நான் போன குழு, மாதா மாதம் சேமிப்புப் போட்டு உள்கடன் கொடுத்துக்கொள்ளும் வழக்கமான சுய உதவிக் குழுதான். தமிழ்நாட்டில் இந்த மாதிரிக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் அரசு ஆதரவோடு ஆரம்பித்தன. பிறகு 1997இலிருந்து மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவின. இவர்கள் போர்வை தைக்க ஆரம்பித்ததற்கு மட்டும் காரணம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு தெருவெல்லாம் மெத்தைகள். பஞ்சு மெத்தை ஒரு தடவை ஊறிவிட்டால் தீர்ந்தது. வெளியே காய்ந்தாலும் உள்ளே பூஞ்சணம் பிடித்து நாற்றம் போகாது. துணியை அடுக்கித் தைத்த விரிப்போ, துவைத்துக் கொடியில் போட்டால் இரண்டே நாளில் படுக்கைக்கு வந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குழுவில் ஒருவர், "நம்ம வீட்டுப் புடவையையே தச்சுப் போட்டா என்ன?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மாதம் ஒரு நாள் போர்வை நாள்.

நான் போன அன்று என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். ஓ.சி.எஃப்.பில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காதான் தலைவி மாதிரி. ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எழுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் ஊசியில் நூல் கோக்க மட்டும் சின்னவர்களைக் கூப்பிடுவார். தைப்பதில் எங்களையெல்லாம் தோற்கடித்துவிடுவார். மற்றவர்கள் என்னைப் போல வீட்டுக்காரிகள்.

கத்தரியைக் கீழே வைத்தோம்

அன்றைக்குத் துணி கொண்டுவர வேண்டிய முறை மூன்றாம் தெருவிலிருந்து வரும் பெண்ணுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கட்டைப் பை நிறைய ஏழு புடவைகள். பையைக் கீழே வைத்தாளே தவிர, கைப்பிடியை விடவில்லை. "எங்க அம்மாவோடதுக்கா" என்றாள். அம்மா போய் ஒரு வருஷம் முடிந்து, தலைத் திவசமும் ஆகிவிட்டது. வீட்டில் இடம் அடைக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அண்ணி சொல்ல, இவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

புடவைகளைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு பாலியஸ்டர். மற்ற ஐந்தும் நல்ல நூல் புடவைகள். ஒரு சுங்குடி, ஒரு கட்டம் போட்ட கோ-ஆப்டெக்ஸ், மெல்லிசான வாயில் இரண்டு, பச்சைப் புள்ளி போட்ட புடவை ஒன்று. வழக்கமாக இவர்கள் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டுத் தைப்பார்களாம். தையல் அக்கா கத்தரியை எடுத்து, சுங்குடியின் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெட்டாம தைப்போம். வங்காளத்துல வெட்டவே மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது நிஜம். வங்காளத்தில் 'காந்தா' என்பார்கள். பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் ஓடு தையலால் சேர்த்துவிடுவார்கள். நூல்கூடக் கடையில் வாங்குவதில்லை. புடவைக் கரையிலிருந்தே கலர் நூலை உருவி எடுப்பது அந்தக் காலத்துப் பழக்கம். பீகாரில் இதையே 'சுஜனி' என்கிறார்கள். பிறந்த குழந்தையைப் பொதிந்து வைக்கப் பழைய புடவையில் தைப்பது அது. முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்துப் பெண்கள் அந்தக் கைவேலையைப் பிழைப்பாக்கிக் காட்டினார்கள். அந்த வேலைக்காக நிர்மலா தேவி என்பவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

வெட்டாமல் தைப்பதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. புடவை ஐந்தரை மீட்டர். அதாவது பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் சரியாக ஆறடி. அகலம் நாற்பத்தைந்து அங்குலம். ஒருவர் படுக்கிற அளவு! ஒரே புடவையை மூன்றாக மடித்தால் போர்வை. இரண்டு புடவையை மூன்று மூன்றாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஆறு அடுக்கில் விரிப்பு. மேல் புடவையின் முந்தானை மேலே தெரியும்படியும், கீழ்ப் புடவையின் முந்தானை கீழே தெரியும்படியும் மடித்தோம். எந்தப் பக்கம் புரட்டினாலும் அம்மாவின் முந்தானை.

முதல் விரிப்பு யாருக்கு என்று கேட்டோம். "அப்பாவுக்கு" என்றாள் அந்தப் பெண். "ராத்திரி தூங்க மாட்டேங்கிறாருக்கா. கட்டில்ல அம்மா படுத்த பக்கம் படுக்கவே மாட்டேங்கிறாரு. ஓரமா ஒண்டிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்காரு."

யாரும் பதில் சொல்லவில்லை. ஆயாதான், "நூலைக் கோத்துக் குடுங்கடி, பொழுது போவுது" என்றார்.

கை வேலை செய்ய, வாய் பேச

மூலைக்கு ஒரு செங்கல்லை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி, சுருக்கமெல்லாம் எடுத்தோம். சாணுக்கு ஒரு ஊக்குக் குத்தி, பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொண்டோம். கரைக்கு இணையாக ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கோடு சாக்குக்கட்டியால் போட்டால் ஏறக்குறைய முப்பது கோடு வருகிறது. எல்லோரும் நடுக்கோட்டிலிருந்து தொடங்கி அவரவர் பக்கமாகத் தைத்துக்கொண்டே வெளியே வர வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

ஒரு கோடு ஆறடி. அங்குலத்துக்கு மூன்று தையல் என்றால் ஒரு கோட்டுக்கு 216 தையல்; முப்பது கோட்டுக்கு 6,480. ஒரு கோட்டுக்கு இருபது நிமிஷம் ஆகிறது. தனியாக உட்கார்ந்தால் முழுசாகப் பத்து மணி நேரம். வீட்டில் யாருக்கு முடியும்? பத்துக் கோடு தைத்துவிட்டு மடித்து வைத்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் எடுப்போம். இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் உட்கார்ந்தால் பேசிக்கொண்டே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சைத்தான் சொல்ல வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு துக்கத்தைப் பேசுவது கஷ்டம். தலையைக் குனிந்துகொண்டு, கண்ணைத் தையலில் வைத்துக்கொண்டு பேசினால் அது தானாக வருகிறது. அந்தப் பெண்ணும் பேசினாள். அம்மா இந்தக் கட்டம் போட்ட புடவையைத் தீபாவளிக்குத் தவணையில் எடுத்தது, வாயில் புடவைக்குக் கஞ்சி அதிகம் போட்டு அப்பாவிடம் கேலிப் பேச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது 'சுங்குடியை எடுத்து வை, வந்து கட்டிக்கிறேன்' என்று சொன்னது. பேசப் பேச நாங்களும் எங்கள் வீட்டுக் கதைகளைச் சொன்னோம். பாதி நேரம் சிரிப்புத்தான்.

நான் எங்கோ படித்த ஒரு கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து போகும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பண்ணை அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வாரிசுகள் வாழும் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண்மணி 1942இல் கணவரை இழந்தார். அவர் வயல் வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்த உடைகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக இருக்கட்டும், போர்த்திக்கொள்ளவும் ஆகட்டும் என்றுதான். கூட உட்கார்ந்து உதவியது மகள். சாயம் போன, முழங்காலில் ஒட்டுப் போட்ட அந்தத் துணியே அறுபது வருஷம் கழித்து, அந்த ஊர்ப் பெண்களின் மற்றப் போர்வைகளோடு பெரிய அருங்காட்சியகங்களின் சுவருக்குப் போனது. அந்த ஊர்ப் போர்வைகளின் படம் போட்டு 2006இல் அமெரிக்க அரசு தபால்தலையே வெளியிட்டது.

"அது எங்கியோ கீது அமெரிக்கா! பொம்பளைங்க எங்கயும் ஒண்ணுதான் போல" என்றார் ஆயா, தையலிலிருந்து தலை நிமிராமல்.

பச்சைப் புள்ளிப் புடவை

மத்தியானம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்ட பிறகு ஒரு சச்சரவு வந்தது. இரண்டு விரிப்புக்கு நாலு புடவை போக, பச்சைப் புள்ளிப் புடவை மிச்சம். அந்தப் பெண்ணின் தங்கை ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். புடவையை ஆறாக மடித்தால் மூன்றடி நீளம்; குழந்தையைப் படுக்க வைக்க அருமையான துண்டு. தங்கைக்கே கொடுக்கலாம் என்றாள்.

எங்களில் ஒருவர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "தப்பா நினைக்காதம்மா. போனவங்க துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடலாமா? எங்க வீட்டுல ஆகாது" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

ஆயா விடவில்லை. "பொறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடுவியா நீ? பாட்டி கட்டிப் பழகுன புடவையைக் கிழிச்சுத்தானே மொதல்ல சுத்துவோம்! பாட்டி உசுரோட இருந்தா ஒரு நியாயம், இல்லாட்டி ஒரு நியாயமா?" என்றார். மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் தையல் அக்காதான், "பெத்துக்கப் போறவளைக் கேட்டுட்டா போச்சு" என்று போனைப் போடச் சொன்னார்.

தங்கை விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தப் புடவைக்கா? அந்தப் பச்சைப் புள்ளி போட்டதா?" என்றாள். ஆமாம் என்றதும், "அதுதான் எனக்கு வேணும். வேற யாருக்கும் குடுத்துடாதே" என்றாள்.

மறுப்புச் சொன்னவர் அந்தத் துண்டில் மட்டும் கை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக அப்பாவின் விரிப்புக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். அவரை யாரும் வற்புறுத்தவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து வேலை செய்ய எல்லோரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

அந்தக் குழந்தைத் துண்டின் நாலு மூலைக்கும் ஏற்றுமதிக் கம்பெனிப் பெண், கலர் துணியில் முக்கோணமாகப் பூ வைத்தாள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டக் காடுகளையொட்டி வாழும் சித்தி மக்கள் இப்படித்தான் செய்வார்கள். அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் 'கவந்தி' போர்வைக்கு நாலு மூலையிலும் 'பூலா', அதாவது பூ, வைத்தால்தான் போர்வை முழுமையாகும்.

கூலிக் கணக்கு

ஐந்து மணிக்கு இரண்டு விரிப்பும் குழந்தைத் துண்டும் முடிந்தன. வீட்டுச் சொந்தக்காரரின் உறவினர் ஒருவர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே! ஒண்ணு நானூறு ரூபாய்க்குத் தருவீங்களா?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். தையல் அக்கா சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். மடித்து, நூலோட்டி, தைத்து, ஓரம் கட்ட மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். நானூறை வகுத்தால் மணிக்கு 33 ரூபாய். "துணி, நூலெல்லாம் சும்மா வந்துச்சுன்னே வச்சுக்கோங்க. இந்தக் கூலிக்கு நான் ஊசியைத் தொடமாட்டேன்" என்றார்.

சகோதரிகளே, இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. கைத்தையலை நாம் பொழுதுபோக்கு என்று சொல்லிச் சொல்லியே, அதற்கு விலை கேட்கக் கூசுகிறோம். முன்னால் சொன்ன அலபாமாப் பெண்கள் 1966இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நியூயார்க் வரை போர்வைகளை விற்றார்கள். சங்கமாக நின்றதால்தான் விலை சொல்ல முடிந்தது. விற்பதானால் நேரத்துக்கும் கூலி வைத்து விற்க வேண்டும். இல்லையென்றால் நம் வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் தைப்போம். இரண்டுக்கும் நடுவில் நின்று நானூறு ரூபாய்க்குக் கொடுப்பது நஷ்டம் என்பது அந்தக் குழுவின் தீர்மானம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

நீங்களும் தைக்க நினைத்தால்

நூல் புடவையாகப் பொறுக்குங்கள். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெக்கைக்கு உடம்பில் ஒட்டும். புடவையைக் கொதிக்கும் வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சாயம் இறங்குகிற புடவையானால் தனியாக ஊற வைப்பது நல்லது. கிழிசல் இருந்தால் அது உள்மடிப்பில் போகும்படி மடியுங்கள். மெஷின் நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகுவர்த்தித் துண்டில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது.

ஊசியை எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்களாம். அந்தப் பெண் சொன்ன இந்தக் கட்டுப்பாடு வீட்டுக்கும் அவசியம். பத்து ஊசி கொடுத்து ஒன்பது வந்தால், பத்தாவது கிடைக்கும்வரை போர்வையை மடிக்கக் கூடாது.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசி குத்தும் விரலுக்கு உலோக உறை போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் காயமும் அவர்களுக்கு ஆற நாளாகும்.

குழந்தைக்குத் தைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கும். பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பார்த்தால் தெரியாது. அந்த அம்மா பாச்சை உருண்டையே வைக்கமாட்டாராம். காய்ந்த வேப்பிலைதான் போடுவாராம். அதனால் பச்சைப் புள்ளிப் புடவை தப்பித்தது. இரண்டாவது, ஒரு வயதுக்குள் கனமான போர்வையைக் குழந்தையின் மேல் போர்த்தவோ, முகத்துக்குப் பக்கத்தில் தளர்வாக விடவோ கூடாது, மூச்சு முட்டும். தூங்க வைக்கும்போது உறுதியான படுக்கையின் மேல் மெல்லிய துணியை இழுத்துச் செருகிப் போட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தைத்த துண்டு மடியில் போட்டுக்கொள்ளவும், விழித்திருக்கும்போது தரையில் விரிக்கவும் இருக்கட்டும்.

ஏழு புடவையில் ஐந்து தைத்தாகிவிட்டது. மிச்சமிருந்த பாலியஸ்டர் இரண்டையும் தையல் அக்கா மடித்து அந்தப் பெண்ணின் பையிலேயே வைத்தார். "ஒண்ணை யாருக்காவது கட்டிக்கக் குடு. இன்னொண்ணை அப்படியே வச்சுக்கோ. எல்லாத்தையும் தச்சுத் தீர்க்கணும்னு இல்ல" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவளைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். விரிப்பை அம்மா படுத்த பக்கத்தில் போட்டார்களாம். முதல் நாலு நாள் அதைத் தொடவே இல்லையாம். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தாராம். "இப்போ என்னடான்னா, நீளம் பத்தல, கால் வெளிய போவுதுன்னு குறை சொல்றாருக்கா" என்று சிரித்தாள். "துவைக்கக் குடுங்கப்பான்னா மட்டும் தரமாட்டேங்கிறாரு."